236: சண்டை விளையாட்டுகளின் குறிமுறை உருவான வரலாறு

236 என்று ஒரு தாளில் எழுதிச் சண்டைவகை வீடியோ விளையாட்டுகளில் பழகிய ஒருவரிடம் நீட்டிப் பாருங்கள். அவர் அதை இருநூற்று முப்பத்தாறு என்று படிக்கமாட்டார். அவருடைய இடக்கை தன்னையறியாமல் கீழே, பிறகு கீழ்வலம், பிறகு வலம் என்று வளைந்து நகரும். கணினி விசைப்பலகையின் வலக்கோடியில் உள்ள எண்பலகையை நினைவில் கொள்க. நடுவில் 5, அதன் கீழ் 2, மேல் 8, இடப்புறம் 4, வலப்புறம் 6, மூலைகளில் 1, 3, 7, 9. ஜாய்ஸ்டிக் சாயக்கூடிய எட்டுத் திசைகளும் அது நிமிர்ந்து நிற்கும் நடுநிலையும் இந்த ஒன்பது எண்களில் அடங்கிவிடுகின்றன. 236உடன் ஒரு குத்துப் பொத்தானைச் சேர்த்தால், ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ தன் இரு கைகளிலிருந்தும் எறியும் ஒளிக்கோளம் பிறக்கும். அதன் பெயர் ஹதோகென்.

பொழுதுபோக்குக்காரர்களின் சங்கேதமொழி என்று இதைக் கடந்துவிடலாகாது என்பதற்காகவே இந்த நீண்ட பதிவு. நம் பல்கலைக்கழகங்களில் விளையாட்டாய்வு மெல்லத் தலையெடுக்கிறது. பெரும்பாலான கட்டுரைகள் கதையையும் பாத்திரங்களையும், அவற்றில் நாடும் இனமும் பாலினமும் சித்திரிக்கப்படும் விதத்தையும் பேசுகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் ஆடியவர்கள் தாமே எழுதிவைத்த மூலங்கள் குவியலாகக் கிடக்கையில், அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாமல் அவ்விளையாட்டின் வரலாற்றை எழுதுவது, கல்வெட்டெழுத்து அறியாமல் கோயில் வரலாறு எழுதுவதை ஒத்தது. அவ்வெழுத்து இன்றைய வடிவைப் பெற்றது யாருடைய திட்டத்தாலும் அன்று. எதை அச்சிட முடிந்தது, எதைத் தட்டச்சு செய்ய முடிந்தது என்பதே அதன் வடிவை முடிவு செய்தது என்பது என் கருத்து.

தொடக்கத்தில் எழுத்தே இல்லை. தகாஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்சுமோட்டோவும் வடிவமைத்து, 1987இல் கேப்காம் வெளியிட்ட முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஒரு வகைப் பெட்டியில், குத்துக்கு ஒன்றும் உதைக்கு ஒன்றுமாக இரண்டு பெரிய ரப்பர்த் திண்டுகளே இருந்தன. எவ்வளவு வலுவாக அறைகிறோமோ அவ்வளவு வலுவாகத் திரையில் அடி விழும். கை நோவும் பழுதும் மிகவே, அடியின் வலுவை மூன்று படிகளாகப் பிரித்துக் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்கள் வைத்த பெட்டி நிலைபெற்றது. இம்மாற்றம் குறிமுறையின் வரலாற்றில் முதற்படி. திண்டை அறையும் விசை தொடர்ச்சியானது, எழுத்துக்கு அடங்காதது. பொத்தானோ அழுத்தப்பட்டது, அழுத்தப்படாதது என்ற இரண்டே நிலை உடையது. எனவே அதற்குப் பெயரிடலாம், எழுதலாம். ஹதோகென் போன்ற சிறப்பு வீச்சுகள் அன்று மறைபொருளாக ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. கண்டறிந்தவர் தோளருகே நின்றவருக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்குச் சொன்னார்.

1991இல் அகிரா நிஷிதானி, அகிரா யாசுதா ஆகியோரின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உலகெங்கும் பரவியபோது, ஒரே ஆறு பொத்தான்களுக்கு இரண்டு பெயர் மரபுகள் கிளைத்தன. ஜப்பானியர் மெல்லியது, நடுத்தரம், வலியது என்று அளவால் பிரித்து, பேச்சில் அதனைச் சிறிது, நடு, பெரிது என்று மேலும் சுருக்கினர். குனிந்தவாறு உதைக்கும் நடுத்தர உதையை அவர்கள் இரண்டே சித்திரவெழுத்துகளில் ‘நடுக்கால்’ என்று எழுதிவிடுவர். ஆங்கிலப் பெட்டியிலோ ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிப்பெயர். குத்துகள் ஜாப், ஸ்ட்ராங், ஃபியர்ஸ். உதைகள் ஷார்ட், ஃபார்வர்ட், ரவுண்ட்ஹவுஸ். கேட்க எடுப்பாக இருந்தாலும் எழுதப் புகுந்ததும் சிக்கல் எழுந்தது. ஃபார்வர்ட் என்பது நடுத்தர உதையின் பெயர். முன்னோக்கிய திசைக்கும் அதுவே பெயர். ‘ஃபார்வர்ட், ஃபார்வர்ட்’ என்று ஒருவர் எழுதினால் இருமுறை முன்னே தள்ளுவதா, முன்னே தள்ளி உதைப்பதா? பழைய ஆங்கிலக் குறிப்புகளில் திசையைச் சுட்டுமிடத்தில் ‘டுவர்ட்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டுவதன் காரணம் இதுவே. ஆட்டக்காரர்களின் பெயர்களிலும் இதே நிலை. குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை நினைவூட்டிய பாத்திரத்தால் வழக்கு வரக்கூடும் என்ற அச்சத்தில், வெளிநாட்டுப் பதிப்பில் மூன்று பாத்திரங்களின் பெயர்களைச் சுழற்றி மாற்றினர். ஜப்பானில் பைசன் எனப்பட்டவர் அமெரிக்காவில் பால்ராக் ஆனார். இன்றும் இரு நாட்டவர் பேசிக்கொள்ளும்போது குழப்பம் தவிர்க்கக் குத்துச்சண்டைக்காரர், நகத்தர், சர்வாதிகாரி என்றே மூவரையும் குறிக்கின்றனர்.

திசைகளுக்கு வருவோம். ஆங்கிலம் பேசுவோர் ஜாய்ஸ்டிக் வரையும் பாதையை வடிவியலால் விவரித்தனர். 236 அவர்களுக்குக் கால்வட்டம் முன்னோக்கி, 41236 அரைவட்டம், ஸாங்கீஃப் எதிரியைத் தூக்கிச் சுழற்றிக் குத்தும் வீச்சுக்கு 360 பாகை. வடிவியலுக்கு அடங்காதவை வீச்சின் பெயரையே பெற்றன. முன், கீழ், கீழ்முன் என்று மடங்கும் 623 ஷோரியூகென்னின் பாதையாதலால் அது ‘டிராகன் குத்து அசைவு’ ஆயிற்று. ஜப்பானியர் இன்னும் சுருக்கமாக ‘ஹதோகென் கட்டளை’, ‘ஷோரியூகென் கட்டளை’ என்றனர். வேறொரு நிறுவனத்தின் விளையாட்டில் வேறொருவர் செய்யும் வேறொரு வீச்சுக்கும் அதே பெயர்தான். எஸ்.என்.கே. நிறுவனத்தின் ஃபேட்டல் ஃப்யூரி ஸ்பெஷலில் (1993) கீஸ் ஹோவர்டின் ரேஜிங் ஸ்டார்ம் வீச்சு 1632143 என்ற முடிச்சுப் பாதையைக் கேட்டது. ஆங்கிலத்தில் அதற்குப் பிரெட்சல் என்று பெயர். நம்மவர் பெயரிட்டிருந்தால் தயங்காமல் முறுக்கு என்றிருப்பர்.

வாய்மொழி அச்சேறிய இடம் ஜப்பானிய இதழ்கள். அவற்றுள் தலையாயது ஷின்செய்ஷா நிறுவனம் 1986 முதல் 1999 வரை வெளியிட்ட கேமெஸ்ட். பொத்தான், திசை, தொடர் என விரிவான பட்டியல்களை அது இதழ்தோறும் வெளியிட்டது. ஆய்வாளர்க்கு அவ்விதழின் பெருமைக்கு இணையாக அதன் அச்சுப்பிழைகளும் பயன்படும். எழுதியோரின் கிறுக்கெழுத்தை அச்சுக்கோத்தவர் விளையாட்டறிவின்றிப் படித்ததன் விளைவுகள் அவை. ‘ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்துப் பெரிய குத்து’ என்பதில் பாஞ்சி என்ற சொல் பிஞ்சியாகி, ‘ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்துப் பெரிய நெருக்கடி’ என்று அச்சாயிற்று. கார்ப்பந்தய விளையாட்டொன்றின் குறிப்பில் ‘ஹாண்டுருவை வலப்பக்கம் திருப்பு’ என்றிருக்க வேண்டியது, எழுத்துகளின் உருவ ஒற்றுமையால், ‘இந்தியரை வலப்பக்கம் திருப்பு’ என்று வெளிவந்தது. ஜப்பானில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் நகைச்சுவை அது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்களின் பிழைகளைக் கொண்டு மூலபாடத்தை ஊகிக்கும் பதிப்பாசிரியர்களுக்கு இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மூலப்படி கையெழுத்தில் இருந்தது, எழுதியவரும் கோத்தவரும் வேறு வேறானவர், கோத்தவர் ஆடியவர் அல்லர் என்ற மூன்று செய்திகளும் அந்த ஒரு பிழையிலேயே அடங்கியுள்ளன.

இதழில் அம்புக்குறியை வரைந்துவிடலாம். கணினியில் தட்டச்சு செய்வோருக்கு அந்த வசதி இல்லை. இங்கேதான் வரலாறு திரும்புகிறது. ஆஸ்கி குறியாக்கத்தின் 1963ஆம் ஆண்டுப் பதிப்பில் மேல்நோக்கிய அம்பு ஒன்றும் இடம்நோக்கிய அம்பு ஒன்றும் இருந்தன; 1967 திருத்தத்தில் அவ்விரண்டும் நீங்கின. எனவே யூஸ்நெட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பற்றி எழுதிய அமெரிக்க ஆட்டக்காரர் கையில் எழுத்துகள் தவிர வேறேதும் இல்லை. கால்வட்டம் முன்னோக்கி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் கியூ.சி.எஃப். என்றும், டிராகன் குத்து டி.பி. என்றும் சுருங்கியது அதனால்தான். ஜப்பானியரின் நிலை வேறு. 1978இல் முதலில் வெளியாகிப் பின்னர் ஜே.ஐ.எஸ். எக்ஸ் 0208 எனப் பெயர்பெற்ற எழுத்துத்தொகுதியில் ஆயிரக்கணக்கான சித்திரவெழுத்துகளுடன் மேல், கீழ், இடம், வலம் என நான்கு அம்புகளும் இருந்தன. மூலைவிட்ட அம்புகள் மட்டும் இல்லை. 2000ஆம் ஆண்டின் எக்ஸ் 0213 விரிவாக்கத்தில்தான் அவை சேர்ந்தன. ஆனால் ஹதோகென்னின் உயிரே அந்த மூலைவிட்டத்தில் உள்ளது! கீழ், வலம் என்று மட்டும் எழுதினால் வீச்சு பிறக்காது. இடையிலுள்ள கீழ்வலத்தையும் எழுதியாக வேண்டும். தேவையான எட்டு அம்புகளுள் நான்கைத் தந்து நான்கை மறுத்த ஓர் எழுத்துத்தொகுதியின் முன் அமர்ந்திருந்தவர்களின் விரலருகே, எட்டுத் திசையும் நடுவும் வரைபடம்போல் ஏற்கெனவே அமைந்த எண்பலகை இருந்தது. அவர்கள் அதை எடுத்துக்கொண்டனர். தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில் கிடந்த 1990களில் ரோமன் எழுத்தில் தமிழ் மடல் எழுதிய தலைமுறைக்கு, இல்லாத எழுத்தைச் சுற்றிக்கொண்டு எழுதும் இந்த உத்தி அயலானதன்று. யூனிகோடில் மூலைவிட்ட அம்புகள் இன்று அனைவர்க்கும் கிட்டுகின்றன. நிறுவனங்களின் கட்டளைப் பட்டியல்களில் அம்புகளே உள்ளன. ஆடுவோர் மட்டும் எண்களை விடவில்லை.

எந்த எண்பலகை என்பதும் கேள்வியே. கணிப்பானிலும் கணினியிலும் 7, 8, 9 மேல்வரிசை. பெல் ஆய்வகத்தில் டெய்னிங்கர் நடத்தி 1960இல் வெளியிட்ட சோதனைகளை ஒட்டி 1963இல் விற்பனைக்கு வந்த பொத்தான் தொலைபேசியில் 1, 2, 3 மேல்வரிசை. கைப்பேசியின் எண்களைப் பார்த்து 236ஐப் படிப்பவருக்கு அது மேல், மேல்வலம், வலம் ஆகிவிடும். ரியூ ஒளிக்கோளம் எறிவதற்குப் பதில் குதிப்பான். புதிதாகப் பழகும் மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. மடிக்கணினிகள் பலவற்றில் எண்பலகையே இல்லாததால், பயன்பாட்டில் அருகிவரும் ஒரு பொருளின் வரைபடத்தை இந்தக் குறிமுறை சுமந்துகொண்டிருக்கிறது. இதன் இன்னொரு சிறப்பு 5. ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் குத்துவதை வெறுமனே ‘குத்து’ என்று எழுதாமல் 5 சேர்த்து எழுதுவர். ஒன்றும் செய்யாமையையும் ஒரு செயலாகப் பதிவு செய்யும் குறி அது. நின்று குத்துவது 5, குனிந்து குத்துவது 2, முன்னே சாய்த்துக் குத்துவது 6 என மூன்றும் ஒரே இலக்கணத்தில் அமைந்துவிடுகின்றன. கில்ட்டி கியர் (1998) வரிசை விளையாட்டுகளுக்கான நுட்ப அறிவு ஜப்பானிலிருந்தே வந்ததால், ஆங்கில ஆட்டக்காரர்கள் ஜப்பானிய மொழி கற்காமலே ஜப்பானியக் குறிப்புகளைப் படிக்க இவ்வெண்களைக் கற்றனர்.

எண்கள் நிலையான திசைகளைச் சுட்டுவதுபோல் தோன்றும். உண்மையில் அவை சார்புடையவை. ஆடுபவர் திரையின் இடப்புறம் நின்று வலப்புறம் நோக்குகிறார் என்று குறிமுறை எப்போதும் கருதிக்கொள்கிறது. எதிரி தலைக்கு மேல் தாவி மறுபுறம் இறங்கிய கணத்தில் தாளிலுள்ள 236 கையில் 214 ஆகிவிடவேண்டும். சதுரங்கத்தை அறிந்தோர்க்கு இது பழைய கதை. ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய விவரணைக் குறிமுறையில் ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்து கட்டங்களை எண்ணினர். வெள்ளைக்கு நான்காம் வரிசை கறுப்புக்கு ஐந்தாம் வரிசை. அலெப்போவைச் சேர்ந்த பிலிப் ஸ்டாமா 1737இலேயே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே பெயர் தரும் முறையைப் பாரிசில் அச்சிட்டார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதனினும் வளர்ந்த இயற்கணிதக் குறிமுறையை மட்டுமே ஏற்கத் தொடங்கியதோ 1981இல். சதுரங்கம் சார்பை விட்டு நிலைப்பெயருக்குச் சென்றது. சண்டை விளையாட்டுக்கு அது இயலாது, ஏனெனில் இங்கே கட்டங்கள் இல்லை, எதிரி இருக்கும் பக்கமே ‘முன்’. ஒரு முறையின் குறையாகத் தெரிவது, அது பதிவு செய்யும் பொருளின் இயல்பாகவும் இருக்கக்கூடும்.

1994இல் நாம்கோ வெளியிட்ட டெக்கன் வேறொரு வழியில் சென்றது. அதில் நான்கு பொத்தான்கள், நான்கு உறுப்புகள்: இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். ஆங்கில ஆட்டக்காரர் அவற்றை 1, 2, 3, 4 என்றனர். திசைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். சிற்றெழுத்தாயின் தட்டிவிடுதல், பேரெழுத்தாயின் அழுத்திப் பிடித்தல். ரோமன் வழித் தமிழில் சிறிய ஏ குறிலுக்கும் பெரிய ஏ நெடிலுக்கும் நின்றதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இங்கும் அளபெடுப்பது காலமே. இதனால் நேர்ந்தது என்னவெனில், ஒரே 2 ஸ்ட்ரீட் ஃபைட்டர்க்காரருக்குக் குனிதல், டெக்கன்காரருக்கு வலக்கைக் குத்து. ஜப்பானியரும் கொரியரும் டெக்கனுக்கும் எண்களைத் திசைக்கே வைத்துக்கொண்டு, பொத்தான்களுக்கு இடக்குத்து, வலக்குத்து என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கங்களை எழுதினர். மிஷிமா குடும்பத்தாரின் புகழ்பெற்ற மின்னல் குத்தை ஒரு கொரியர் எழுதினால் எண்கள் கையின் பாதையைக் காட்டும். ஓர் அமெரிக்கர் எழுதினால் அதிலுள்ள ஒரே எண் பொத்தானைக் காட்டும். பழைய குறிப்பொன்று கையில் கிடைத்தால் எந்த விளையாட்டு, எந்நாட்டு மரபு என்று முதலில் உறுதிசெய்யாமல் ஓர் எண்ணையும் பொருள்கொள்ளலாகாது.

குறிமுறை விளையாட்டை விவரித்ததோடு நிற்கவில்லை. வடிவமைத்தவர் எண்ணாததற்கும் பெயர் தந்தது. ஓர் அடியின் அசைவு முடியுமுன் அதை அறுத்து அடுத்த வீச்சைத் தொடங்கலாம் என்பது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் திட்டமிட்டு வைக்கப்பட்டதன்று. காரை அடித்து நொறுக்கும் இடைக்கட்டத்தைச் சோதிக்கையில் இத்தகைய தொடரடியைக் கண்டதாகக் கேப்காமின் நோரிதாகா ஃபுனாமிசு கூறியுள்ளார். யாருக்கும் பயன்படும் அளவு எளிதன்று என்று அதை விட்டுவைத்தனர். ஆட்டக்காரர்களோ அதைத் தம் கலையின் மையமாக்கினர். அசைவு இயல்பாக முடிந்தபின் அடுத்ததைத் தொடுப்பது ஒன்று, பாதியில் அறுத்துத் தொடுப்பது வேறொன்று. முன்னதற்குக் காற்புள்ளியும் பின்னதற்கு இரண்டு எக்ஸ் எழுத்துகளும் ஆங்கிலக் குறிப்புகளில் வழங்கின. திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நிகழ்வுகளை வேறுபடுத்திக் காண இந்தச் சிறு குறியே கண்ணைப் பழக்கியது.

எனினும் காலத்தின் முன் இக்குறிமுறை தடுமாறுகிறது. கைலின் சோனிக் பூமுக்குப் பின்திசையைச் சிறிது நேரம் பிடித்துவைத்து முன்னே தள்ளவேண்டும். எண்ணைப் பகர அடைப்புக்குள் இட்டு [4]6 என்று எழுதினால் பிடித்துவைக்க வேண்டும் என்பது தெரியும். எவ்வளவு நேரம் என்பது தெரியாது. விர்ச்சுவா ஃபைட்டர் 2இல் (1994) அகிராவின் முழங்கால் தாக்குக்கு உதையையும் தடுப்பையும் சேர்த்தழுத்தி, தடுப்பை மட்டும் நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள் விட்டுவிடவேண்டும். தாளில் இரண்டு எழுத்துகள்தாம். கைக்கு வர மாதங்களாகும். உச்ச உதாரணம் 2004ஆம் ஆண்டு ஈவோ போட்டியில் உள்ளது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3இன் தேர்ட் ஸ்ட்ரைக் பதிப்பில் தைகோ உமெஹாராவின் கென்னுக்கு உயிர் மயிரிழையில் தொங்குகிறது. தடுத்தாலும் சிதறும் சிறு சேதமே கொன்றுவிடும். ஜஸ்டின் வோங்கின் சுன்-லீ தன் பெருவீச்சை ஏவுகிறார். பதினைந்து உதைகள். ஒவ்வொன்றும் படும் கணத்தில் எதிரியை நோக்கி ஒருமுறை தட்டினால் சேதமின்றித் தட்டிவிடலாம். உமெஹாரா பதினைந்தையும் தட்டினார், கடைசியை வானில் எழும்பித் தட்டினார், இறங்கிவந்து ஆட்டத்தை முடித்தார். இவ்விளையாட்டின் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட அந்நிகழ்வை எண்களில் எழுதினால் 6, 6, 6, 6 என்று நீளும் ஒரு வரிசையே எஞ்சும். அரங்கிலிருந்தோர் எதைக் கண்டு எழுந்து கத்தினார்களோ அது அவ்வரிசையில் இல்லை; எண்களுக்கிடையேயான இடைவெளியில் இருந்தது.

எழுத்துக்கும் பொறிக்கும் இடையிலும் ஓர் இடைவெளி உண்டு. ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருப்பவை நான்கு மின்விசைகள் மட்டுமே. கீழ்வலம் என்று தனியாக எதுவும் இல்லை. கீழ்விசையும் வலவிசையும் ஒருசேர மூடினால் அதுவே 3. வட்டம் என்பது மனிதக் கையின் அனுபவம். பொறி காண்பது நிலைகளின் வரிசையை. அந்த வரிசையையும் அது நெகிழ்ச்சியோடே படிக்கிறது. ஸாங்கீஃபின் 360 பாகைக்குப் பல பதிப்புகளில் முக்கால் வட்டமே போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4இல் ஷோரியூகென்னுக்கு 623க்குப் பதில் 323 கொடுத்தாலும் பொறி ஏற்றுக்கொண்டது. இந்நெகிழ்வுகள் எந்தக் கட்டளைப் பட்டியலிலும் அச்சாகவில்லை. ஆடியவர்கள் சோதித்துக் கண்டு எழுதியவை. நிறுவனம் அச்சிட்ட பட்டியலை மட்டும் மூலமாகக் கொள்ளும் ஆய்வாளர் சட்டநூலைப் படிக்கிறார், வழக்காற்றைத் தவறவிடுகிறார்.

அண்மைக்கால மாற்றங்கள் இதை இன்னும் கூர்மையாக்குகின்றன. ஜாய்ஸ்டிக்கே இல்லாமல் திசைகளுக்கும் பொத்தான்கள் கொண்ட கட்டுப்பாட்டுப் பலகைகள் 2010களில் பரவின. அவற்றில் ஆடுபவர் வளைவு எதையும் வரைவதில்லை. கீழ்ப் பொத்தானை அழுத்தி, வலப் பொத்தானையும் சேர்த்து, கீழை விடுகிறார். கால்வட்டம் என்ற சொல் அவர் விரல்களுக்குப் பொருந்தாது. 236 அப்படியே பொருந்துகிறது. வழக்கு வடிவத்தைக் கைவிட்டு வரிசையை மட்டும் பதிந்த குறிமுறை, தான் பிறந்தபோது இல்லாத கருவிக்கும் பயன்படுகிறது. 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 மேலும் ஒரு படி சென்று, அசைவே தேவையற்ற ‘மாடர்ன்’ முறையைத் தந்தது. அதில் சிறப்புப் பொத்தானை அழுத்தினாலே ஹதோகென் பிறக்கும். ஆனால் அவ்வாறு பிறந்த வீச்சு இருபது விழுக்காடு குறைந்த சேதமே விளைவிக்கும். அதே முறையில் ஆடுபவர் 236 என்று கைப்பட வரைந்தால் முழுச் சேதம். ஆக, ஹதோகென் என்ற பெயரைச் சொன்னால் இன்று போதாது. அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் எழுதவேண்டும். செய்முறை செயலின் அடையாளத்தில் ஒரு பகுதியாகிவிட்டது.

ஆவணக் காப்பு பற்றியும் ஒரு சொல். 1997இல் தொடங்கிய மேம் திட்டத்தின் பயனாக, மறைந்துபோன ஆர்கேட் பெட்டிகளின் நிரல்களை இன்று எந்தக் கணினியிலும் இயக்கலாம். நிரல் பிழைத்தது என்பதால் ஆட்டமும் பிழைத்தது என்று கருதிவிடுகிறோம். நிரலில் இருப்பது என்னென்ன செய்யக்கூடும் என்பது. மனிதர் என்ன செய்தனர், எதை ஒருவருக்கொருவர் கற்பித்தனர் என்பது குறிப்புகளில் மட்டுமே உள்ளது. ஜப்பானுக்குக் கேமெஸ்ட் இருந்தது. அமெரிக்கருக்கு யூஸ்நெட் மடல்கள் இருந்தன. இந்திய நகரங்களின் வீடியோ கேம் கடைகளிலோ அறிவு வாய்மொழியாகவே புழங்கியது. ஒரு கேப்காம் விளையாட்டு அதன் பாத்திரம் ஒருவர் பெயரால் ‘முஸ்தபா’ என்றே நாடெங்கும் அறியப்பட்டதே அதற்குச் சான்று. பெட்டியின் மேலிருந்த ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. வீடுகளில் இருந்த மலிவான ஃபேமிகாம் போலிக் கருவிகளில் இரண்டே வகைப் பொத்தான்கள்; ஆறு பொத்தான் விளையாட்டின் போலிப் பதிப்புகள் அவ்விரண்டுக்குள் சுருங்கி வந்தன. அச்சுருக்கத்தைச் சிறுவர்கள் எவ்வாறு சொல்லிக்கொண்டனர், ஹதோகென்னின் பாதைக்கு என்ன பெயரிட்டனர் என்பவை நாம் எழுதவேண்டிய வரலாற்றின் பகுதி.

ஆகவே இப்பதிவைப் படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். 1990களிலோ 2000களின் தொடக்கத்திலோ இத்தகைய கடைகளில் ஆடியவர்கள், கடை நடத்தியவர்கள் உங்கள் குடும்பத்திலோ நட்பிலோ இருப்பின், பள்ளி ஏட்டின் கடைசிப் பக்கத்தில் அம்பும் பொத்தானும் வரைந்து வைத்த தாள் எதுவும் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் படியெடுத்து, ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த விளையாட்டு, எத்தனை பொத்தான் என்ற நான்கையும் தாளின் பின்புறம் குறித்து வையுங்கள். தாள் இல்லையெனில் சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது அவர் கையில் ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிடுவது நல்லது. பெயர் மறந்திருந்தாலும் கைக்குப் பாதை நினைவிருக்கும்.